ஒருசாலை மாணாக்கர்: பள்ளித் தோழர் சந்திப்பும் விடுபட்ட பெயர்களும்



பள்ளிப் படிப்பு முடிந்து இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்தபின், ஒரே வகுப்பில் பயின்றவர்கள் தம் பழைய பள்ளி வளாகத்திலோ ஊரின் திருமண மண்டபத்திலோ ஒருநாள் கூடி, ஆசிரியர்களை வணங்கி, உடன் உண்டு, படம் எடுத்துக்கொண்டு பிரியும் வழக்கம், தமிழ்நாட்டின் நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் இன்று நன்கு வேரூன்றிவிட்டது. செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கங்களில் 'முன்னாள் மாணவர் சந்திப்பு' என்னும் தலைப்பு மக்களுக்குப் பழகிய ஒன்று. கூடுவோர் தம்மை 'எண்பத்தொன்று செட்டு' என்றும் 'தொண்ணூற்றாறு பேட்ச்' என்றும் பள்ளியிறுதித் தேர்வெழுதிய ஆண்டைக் கொண்டே அடையாளப்படுத்துகின்றனர். பழைய நாள்களை எண்ணி மகிழும் எளிய பொழுதுபோக்காக மட்டும் இதைக் கருதுவோர் உண்டு. ஆயினும் இந்தக் கூடுகை ஒரு சமூகம் தன் கல்வி வரலாற்றைத் தானே நினைவுகூரும் அரிய தருணம் என்பதும், அந்தத் தருணத்தின் பெருமை யார் யாரெல்லாம் அங்கே அழைக்கப்படுகின்றனர் என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்துகளாகும்.

உடன் பயின்றவர் என்னும் உறவுக்குத் தமிழ் மரபு தந்துள்ள இடம் மிக உயர்ந்தது. ஒரே ஆசிரியரிடம் ஒரே கல்விச்சாலையில் கற்றவரை 'ஒருசாலை மாணாக்கர்' என உரையாசிரியர்கள் குறிப்பர். இத்தொடரிலுள்ள 'சாலை' என்பது கல்வி பயிலும் இடத்தைக் குறிக்கும். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலையும் நூலாசிரியரையும் உலகுக்கு அறிமுகம் செய்யும் முன்னுரை, சொல்லத் தகுதியுடையோர் யாவர் என வரையறுக்கும்போது, நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு கற்றவர், அவருடைய மாணவர், நூலுக்கு உரை கண்டவர் ஆகிய நால்வரையும் எண்ணுகிறது. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால் பிறர் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வாறு சொல்வோருள் ஆசிரியருக்கு அடுத்த இடத்தில் வைக்கப்படுபவர் உடன் கற்றவரே. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்றே மரபு அவரை நினைவில் வைத்துள்ளது. ஒருவர் புகழும் பட்டமும் பதவியும் பெறுவதற்கு முன் எவ்வாறு இருந்தார் என்பதை அருகிருந்து கண்டவர் அவர் என்பதால், அவருடைய சொல் சான்றாக ஏற்கப்பட்டது எனக் கருத இடமுண்டு.

பள்ளித் தோழர் சந்திப்பின் உட்பொருளை விளக்க இந்தப் பாயிர மரபைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை அவருடைய அலுவலகம் பதவியால் அறியும். பிள்ளைகள் தந்தையாகவோ தாயாகவோ அறிவர். வாழ்க்கைத் துணைகூட அவருடைய இருபதுகளுக்குப் பிந்தைய வாழ்வையே நேரில் கண்டிருப்பார். பன்னிரண்டு வயதில் அவர் எந்தப் பாடத்துக்கு அஞ்சினார், எந்தப் போட்டியில் வென்றார், தந்தை இறந்த வாரத்தில் எந்தப் பெஞ்சில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார் என்பவற்றுக்கெல்லாம் பெற்றோரும் ஆசிரியரும் ஒவ்வொருவராக மறைந்துபோகும் காலத்தில் எஞ்சி நிற்கும் சாட்சிகள் உடன் பயின்றோரே. ஆகவே அவர்கள் கூடும்போது நிகழ்வது, ஒருவர் வாழ்க்கை நூலுக்கு இன்னொருவர் பாயிரம் சொல்லும் செயலாகும். அந்த வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமற்போகிறது என்னும் வினா அங்கேதான் பிறக்கிறது.

திருக்குறளில் நட்பைப் பற்றிய அதிகாரங்களின் வரிசையில் எண்பத்தொன்றாவதாக நிற்கும் 'பழைமை' என்னும் அதிகாரமும் இங்கு நினைக்கத்தக்கது. நெடுங்காலம் பழகியதனால் நண்பர்க்கிடையே உண்டாகும் உரிமையைப் பேசும் அவ்வதிகாரம், அவ்வுரிமையைக் 'கெழுதகைமை' என்னும் சொல்லால் குறிக்கிறது; கேளாமலே ஒன்றைச் செய்யவும், நண்பர் அவ்வாறு செய்ததற்காக வருந்தாமல் இருக்கவும் இடந்தரும் நெருக்கமே அதன் பொருள். மாவட்ட அளவில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற ஒருவரை, வாரச்சந்தையில் காய்கறி விற்கும் இன்னொருவர் 'வாடா' என அழைத்துத் தோளில் கைபோடும் காட்சி இத்தகைய சந்திப்புகளில் இயல்பாக நிகழ்கிறது. வயதும் பதவியும் சாதியும் விளிச்சொல்லைத் தீர்மானிக்கும் ஒரு சமூகத்தில், இவையனைத்தையும் ஒருநாள் ஒதுக்கிவைத்துப் பேச இயலும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் பழைய வகுப்பறை ஒன்று.

அத்தகைய வகுப்பறை தமிழ்நாட்டில் தானாக உருவானதன்று. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டதும், 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றதும், பின்னர் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக அது விரிவடைந்ததும் பள்ளியின் வாயிலை அகலத் திறந்தன. பள்ளி வாசலை அறியாத குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கற்க வந்த பிள்ளைகளை 'முதல் தலைமுறைக் கற்போர்' என்று கல்வியாளர் வழங்குவர். அவர்களும் நிலவுடைமையாளர் வீட்டுப் பிள்ளைகளும் வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்த அந்தத் தலைமுறைகளே இன்று ஐம்பது, அறுபது, எழுபது வயதில் மீண்டும் கூடுகின்றன. ஓய்வுபெற்றதால் கிடைத்த நேரமும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் கிடைத்த விடுதலையும், கைப்பேசியும் வாட்ஸ்அப்பும் தந்த எளிய தொடர்பும் ஒருங்கே வாய்த்தமையே இந்த வழக்கம் அண்மைக் காலத்தில் இவ்வளவு விரைவாகப் பரவியதற்குக் காரணம் எனலாம்.

'செட்டு' என்னும் சொல்லின் எல்லையும் கல்வி அமைப்பின் வரலாற்றோடு பிணைந்தது. பதினோராம் வகுப்போடு முடிந்து வந்த பழைய எஸ்.எஸ்.எல்.சி. முறை மாறி, பத்தாம் வகுப்புக்குப்பின் ஈராண்டு மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கியது. முதல் பிளஸ் டூ மாணவர்கள் 1980இல் தேர்வெழுதினர். அதற்கு முன் பள்ளியை விட்டோர் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் சேர்ந்தனர்; அதற்குப் பின் வந்தோருள் பலரோ பத்தாம் வகுப்பு வரை ஓர் ஊரிலும், மேல்நிலைப் பள்ளி தேடி இன்னோர் ஊரிலும் பயின்றமையால் இரண்டு செட்டுகளுக்கு உரியவராயினர். எனினும் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, குழந்தைப் பருவம் நீங்கி இளமை தொடங்கும் ஐந்தாண்டுகளை ஒன்றாகக் கழித்த கூட்டமே பெரும்பாலோர் மனத்தில் 'எங்கள் வகுப்பு' என்னும் பெயரைப் பெறுகிறது.

அந்த ஐந்தாண்டுகள் ஏன் அவ்வளவு ஆழமாகப் பதிகின்றன என்பதற்கு உளவியல் ஒரு விளக்கம் தருகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் அவர்தம் வாழ்வின் நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காலத்தைச் சேர்ந்த நினைவுகளே பிற ஆண்டுகளைவிட அடர்த்தியாக வெளிப்படுகின்றன. வரைபடத்தில் அப்பகுதி மேடுபோல் உயர்ந்து நிற்பதால் இதனைத் தமிழில் 'நினைவு மேடு' எனலாம். முதல் வெற்றி, முதல் அவமானம், முதல் நட்பு, முதல் காதல் ஆகிய முதன்முதல் அனுபவங்கள் பலவும் அக்காலத்தில் நேர்வதும், 'நான் யார்' என்னும் வினாவுக்கு ஒவ்வொருவரும் தமக்கென ஒரு விடையை அப்போதே உருவாக்கத் தொடங்குவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் வெளியிட்ட நூலில், நினைவு தனி மனிதரின் மண்டைக்குள் மட்டும் இருப்பதன்று என்றும், குடும்பம், சமயக்குழு முதலிய கூட்டங்கள் தரும் சட்டகத்துக்குள்தான் அது உயிர்பெறுகிறது என்றும் வாதிட்டார். இதுவே பின்னர் 'கூட்டு நினைவு' என்னும் கோட்பாடாக வளர்ந்தது. தனியே இருக்கும்போது எட்டாத ஒரு பெயரும் ஒரு சம்பவமும், பத்துப் பேர் கூடி ஆளுக்கொரு துண்டாக நினைவுகூரும்போது முழுமையாக எழுந்து நிற்பதை எந்தப் பள்ளித் தோழர் சந்திப்பிலும் காணலாம்.

பள்ளித் தோழரைப் பற்றிய நினைவையே நேரடியாக ஆராய்ந்த ஆய்வொன்றும் உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் ஹாரி பாரிக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1975இல் வெளியிட்ட அவ்வாய்வில், 17 வயது முதல் 74 வயது வரையிலான 392 பேர் கலந்துகொண்டனர். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் அச்சிடப்படும் ஆண்டு மலரில் ஒவ்வொரு மாணவரின் படமும் பெயரும் இடம்பெறும். அம்மலர்களைக் கொண்டு இருவகைச் சோதனைகள் நடத்தப்பட்டன. முதல் வகையில், எந்தத் துணையுமின்றி உடன் பயின்றவர்களின் பெயர்களைத் தாமே சொல்ல வேண்டும்; இதனை 'தன்னியல்பு நினைவுகூர்தல்' எனலாம். இரண்டாம் வகையில், காட்டப்படும் பெயர்களுள்ளும் படங்களுள்ளும் தம் வகுப்பைச் சேர்ந்தவற்றை அடையாளங்காண வேண்டும். இது 'இனங்காணல்' ஆகும். பள்ளியை விட்டுப் பதினைந்து ஆண்டுக்குள் இருந்தோர் ஏறத்தாழ 90 விழுக்காடு சரியாக இனங்கண்டனர். நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்தபின்னும் பெயர்களில் சுமார் 80 விழுக்காடும் முகங்களில் சுமார் 70 விழுக்காடும் இனங்காணப்பட்டன. ஆனால் துணையின்றிப் பெயர்களைச் சொல்லும் திறன் பதினைந்து ஆண்டில் சுமார் 60 விழுக்காடாகவும் நாற்பத்தெட்டு ஆண்டில் சுமார் 30 விழுக்காடாகவும் குறைந்திருந்தது.

தமிழ்நாட்டுச் சந்திப்புகளுக்கு இந்த வேறுபாடு தரும் பாடம் மிகப் பெரிது. ஒருவர் தொடங்கும் வாட்ஸ்அப் குழுவில் ஐவர் சேர்ந்து, 'யார் யார் நம் வகுப்பில் இருந்தார்கள், சொல்லுங்கள்' எனக் கேட்டுப் பட்டியல் உருவாக்குவதே பெரும்பாலும் பின்பற்றப்படும் முறை. அது முழுவதும் தன்னியல்பு நினைவுகூர்தலையே நம்பி நிற்பது. முகம் கண்டால் 'அட, நீயா' எனக் கட்டித் தழுவக்கூடிய ஒருவர், பட்டியல் எழுதும் நாளில் எவர் நினைவிலும் எழாமலே போகலாம். மேலும் நினைவில் முதலில் எழுவோர் யாவர் என நோக்கினால், ஒரே பெஞ்சில் அமர்ந்தவர், ஒரே தெருவிலிருந்து நடந்து வந்தவர், முதல் மதிப்பெண் பெற்றவர், விளையாட்டிலும் மேடையிலும் சிறந்தவர் ஆகியோராகவே இருப்பர். ஊர் ஒரு தெருவாகவும் சேரி வேறொரு தெருவாகவும் பிரிந்திருந்த இடங்களில், தெரு வழியாக எழும் நினைவு சாதி வழியாகவே எழுகிறது. எவரையும் விலக்கும் எண்ணம் ஒருவருக்கும் இல்லாதபோதும் பட்டியல் தானே சிலரை விலக்கிவிடுகிறது.

அமெரிக்கப் பள்ளிக்கு ஆண்டு மலர் இருப்பதுபோல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்கு இருந்த ஒரே படப்பதிவு பள்ளியிறுதி வகுப்பில் எடுத்த 'குரூப் போட்டோ'. நடுவில் நாற்காலிகளில் ஆசிரியர்கள் அமர, முன்வரிசையில் சிலர் தரையில் சம்மணமிட, பின்வரிசையில் உயரமானோர் பெஞ்சின்மேல் ஏறி நிற்க எடுக்கப்பட்ட அந்தப் படம் இன்று சந்திப்பின் ஃபிளக்ஸ் பதாகையில் பெரிதாக்கி அச்சிடப்படுகிறது. ஆனால் அப்படத்தில் இருப்போர் இறுதி ஆண்டு வரை தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே. வகுப்பு என்பது ஆறாம் வகுப்பில் முதல் நாள் உள்ளே வந்து அமர்ந்த கூட்டமா, பத்தாம் வகுப்பின் இறுதி நாளில் படத்துக்கு நின்ற கூட்டமா என்னும் வினாவுக்குச் சந்திப்புகள் இரண்டாவது விடையை எண்ணிப்பாராமலே ஏற்றுக்கொண்டுவிட்டன.

இவ்விரு கூட்டங்களுக்கும் இடையில் விடுபட்டோர் மூவகையினர். முதல் வகையினர் இடையில் நின்றவர்கள்: நடவும் அறுப்பும் அழைத்ததால், தறியிலோ தீப்பெட்டி ஆலையிலோ கை தேவைப்பட்டதால், தந்தை கடன்பட்டதால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் ஏழிலும் எட்டிலும் பள்ளியை விட்டவர்கள். இரண்டாம் வகையினர் தேறாதவர்கள். ஒன்பதாம் வகுப்பில் 'பெயில்' ஆக்கப்பட்டு, தன்னைவிட இளையவரோடு மீண்டும் அதே அறையில் அமர்த்தப்பட்ட மாணவர் இரண்டு செட்டிலும் இருந்தும் ஒன்றிலும் உரிமை கொண்டாட இயலாதவர். எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் செய்தித்தாளில் பதிவெண் வரிசையாக வெளிவந்த காலத்தில், ஊரார் சூழ நின்று பார்க்கத் தம் எண்ணைக் காணாதவர்கள் அன்று அடைந்த கூச்சத்தை நாற்பது ஆண்டுக்குப் பின்னும் சுமந்துகொண்டு, அழைப்பு வந்தாலும் 'நான் எங்கே படித்தேன்' என ஒதுங்குவதுண்டு. மூன்றாம் வகையினர் பெண்கள். பூப்பெய்தியதும் நிறுத்தப்பட்டவர்களும், பள்ளியிறுதி ஆண்டுக்கு முன்பே மணம் முடித்து வேற்றூருக்கு அனுப்பப்பட்டவர்களும் இதில் அடங்குவர். படித்து முடித்த பெண்களைத் தேடுவதும் எளிதன்று. மணத்தால் ஊர் மாறுகிறது, பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்து மாறுகிறது, தொலைபேசி எண் கணவர் அல்லது மகன் பெயரில் இருக்கிறது. கண்டுபிடித்தபின்னும், உடன் படித்த ஆண்கள் இருக்கும் கூட்டத்துக்குச் செல்ல வீட்டில் இசைவு பெற வேண்டிய நிலை பலருக்கு அறுபது வயதிலும் நீங்கவில்லை. இருபாலரும் பயின்ற பள்ளியின் சந்திப்புப் படத்தில் ஆண்கள் நான்கு வரிசையாகவும் பெண்கள் ஓரத்தில் நால்வராகவும் நிற்பது இதன் விளைவே.

இதற்கு மாற்று ஒன்று பள்ளியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் 'சேர்க்கை நீக்கல் பதிவேடு' ஒன்றைப் பேணி வருகிறது. மாணவரின் சேர்க்கை எண், பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகியதற்கான காரணம் ஆகியவை அதில் எழுதப்படும். படத்துக்கு நின்றவரும் நிற்காதவரும் தேறியவரும் தேறாதவரும் அப்பதிவேட்டில் ஒரே மையில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பர். விலகிய காரணம் என்னும் கட்டத்தில் 'தொடர்ந்து வராமை' என ஓர் எழுத்தர் ஒருவரியில் எழுதிய குறிப்புக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வறட்சியும் கடனும் திருமணமும் மறைந்திருக்கும். சந்திப்பை ஏற்பாடு செய்வோர் தலைமையாசிரியரின் இசைவுடன் அப்பதிவேட்டிலிருந்து பெயர்ப் பட்டியலை மட்டும் பெற்று, சாதி முதலிய பிற விவரங்களைத் தொடாமல், அதனைக் குழுவில் ஒவ்வொரு பெயராக வாசித்தால், துணையின்றி எழாத நினைவு இனங்காணலாக மாறிவிடும். 'அவனா, ஆற்றங்கரைத் தெரு', 'அவளா, சித்தப்பா ரேஷன் கடையில் இருந்தாரே' என ஒரு பெயர் பத்து நினைவுகளை எழுப்பும். நாற்பத்தெட்டு ஆண்டுக்குப் பின்னும் பத்துப் பெயர்களில் எட்டை இனங்காணும் ஆற்றல் மனித மனத்துக்கு உண்டு என்னும் ஆய்வு முடிவை நடைமுறைப்படுத்தும் எளிய வழி இது. பெயர் கிடைத்தபின் ஆளைத் தேடுவதற்கு, ஊர் டீக்கடையும் தபால்காரரும் உறவினர் வழித் திருமண அழைப்பிதழ்களும் எந்தக் கணினித் தேடலுக்கும் குறைந்தவை அல்ல.

அழைத்தல் ஒன்று, வந்தவரை நிலைபெறச் செய்தல் வேறொன்று. சந்திப்பு நாளின் நடைமுறைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: கடவுள் வாழ்த்து, மறைந்த தோழர்க்கும் ஆசிரியர்க்கும் மௌன அஞ்சலி, ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, தன்னறிமுகம், விருந்து, படம், நினைவுப் பரிசு, பிரியாவிடை. இவற்றுள் மிகக் கவனமாக நோக்க வேண்டியது தன்னறிமுகம். ஒவ்வொருவரும் ஒலிவாங்கியைப் பெற்றுத் தாம் வகித்த பதவியையும் பிள்ளைகள் பணிபுரியும் நாடுகளையும் சொல்லும் முறை தொடங்கிவிட்டால், வரிசையில் பின்னால் இருக்கும் சிலர் தம் முறை வருவதற்குள் எழுந்து வெளியே செல்கின்றனர். பாயிர மரபு இங்கே ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. தன்னைத் தானே சொல்லிக்கொள்ளாமல் உடன் கற்றவர் சொல்ல வேண்டும் என்பதே அம்மரபின் நெறி. ஆகவே ஒவ்வொருவரையும் அவரோடு ஒரே பெஞ்சில் இருந்தவர் எழுந்து அறிமுகம் செய்வாராயின், அறிமுகத்தின் பொருள் பதவியிலிருந்து பள்ளி நாளுக்கு நகரும்; கட்டட வேலை செய்பவரைப் பற்றியும் ஓய்வுபெற்ற நீதிபதியைப் பற்றியும் சொல்வதற்கு ஒரே அளவு செய்தி கிடைக்கும்.

பணமும் பெயரும் இவ்வாறே கவனத்துக்கு உரியவை. தலைக்கு இவ்வளவு எனத் தொகை குறித்து, செலுத்தியவர் பட்டியலைக் குழுவில் வெளியிடும் வழக்கம், செலுத்த இயலாதவரை வேறொரு காரணம் சொல்லி வராமலிருக்கச் செய்கிறது. இயன்றதை இயன்றவர் தர, யார் எவ்வளவு தந்தார் என்பது பொருளாளர் ஒருவர்க்கு மட்டும் தெரிந்திருப்பதே தோழமைக்கு ஏற்றது. பட்டப்பெயர்களைப் பொறுத்தவரை, கெழுதகைமை என்னும் உரிமை இருவர்க்கும் சமமாக உரியது என்பதை மறத்தலாகாது. சிலருடைய பட்டப்பெயர் அன்பின் அடையாளமாக நிலைத்துவிட்டது. வேறு சிலருடையதோ உடற்குறையையும் நிறத்தையும் வறுமையையும் சாதியையும் சுட்டிப் புண்படுத்தியது. மேடையில் அதனை உரக்கச் சொல்லிச் சிரிப்பவர் மறந்திருக்கலாம். சுமந்தவர் மறந்திருக்க மாட்டார். அப்பெயரைத் தொடர்வதா விடுவதா என்பதை முடிவுசெய்யும் உரிமை அதைச் சுமந்தவர்க்கே உண்டு.

ஆசிரியர்கள் பெறும் மதிப்பு இச்சந்திப்புகளின் மிக உருக்கமான பகுதி. எண்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியர், தலை நரைத்த மாணவர்கள் காலில் விழும்போது அவர்தம் பெயரைத் தேடித் தடுமாறுவதும், குரலையோ கையெழுத்தையோ கண்டு திடீரென இனங்கண்டு முகம் மலர்வதும் அங்குள்ளோர் எளிதில் மறவாத காட்சிகள். அத்தகைய நாளில் பாடம் நடத்திய ஆசிரியர்களோடு, மணியடித்த அலுவலக உதவியாளரும், சத்துணவு சமைத்த பெண்மணியும் அழைக்கப்படுவார்களாயின் பள்ளி என்னும் சொல் முழுப்பொருள் பெறும். பசியோடு வந்த பிள்ளையின் பள்ளி நினைவில் அந்தச் சமையற்கூடத்துக்கு வகுப்பறைக்கு நிகரான இடம் உண்டு.

தமிழர் வாழ்வில் இக்கூடுகைக்கு இன்னொரு முகமும் உண்டு. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பள்ளிகள், அவற்றுள் பல 'கல்லூரி' என்றே பெயர் பெற்றவை, 'பழைய மாணவர் சங்கம்' என்னும் அமைப்பை நெடுங்காலமாகப் பேணி வந்துள்ளன. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், யாழ்ப்பாணத்து மக்கள் 1995 அக்டோபர் இறுதியில் கூட்டமாக இடம்பெயர்ந்ததும் அப்பள்ளிகளின் வகுப்புகளைக் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளுக்குச் சிதறடித்தபோது, அச்சங்கங்களும் அந்நாடுகளில் கிளைவிட்டன. அங்கே ஒரு வகுப்பு கூடும்போது, வராதவர்களின் பட்டியல் பணிச்சுமையால் வராதவர்களைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. கொல்லப்பட்டவர்கள், காணாமற்போனவர்கள், கடல் கடக்கையில் இழக்கப்பட்டவர்கள் ஆகியோரின் பெயர்களும் அதில் அடங்கும். யார் வரவில்லை என்பதைச் சேர்ந்து சொல்லிப் பார்ப்பதே அத்தகைய கூட்டத்தின் முதற்கடமையாகிவிடுகிறது. அமைதிக் காலத்தில் வாழ்ந்த வகுப்புகளுக்கும் அந்தக் கடமை உண்டு.

தமிழ்த் திரைப்படங்களுள் இரண்டு இப்பொருளின் இருவேறு பக்கங்களைக் காட்டியுள்ளன. சி. பிரேம்குமார் இயக்கத்தில் 2018இல் வெளிவந்த '96', தஞ்சாவூர்ப் பள்ளியொன்றில் பயின்ற வகுப்பின் மறுசந்திப்பில் நிறைவேறாத பழைய காதல் ஒன்று ஓரிரவு மீண்டும் எதிர்ப்படுவதைச் சொன்னது. அதன்பின் சந்திப்பு என்றாலே காதல் நினைவு என்னும் எண்ணம் பொதுமனத்தில் பதிந்தது. தங்கர் பச்சானின் இயக்கத்தில் 2007இல் வந்த 'பள்ளிக்கூடம்', சிதைந்துகொண்டிருக்கும் தம் ஊர்ப் பள்ளியைக் காக்க முன்னாள் மாணவர்கள் ஒன்றுசேர்வதைக் கருவாகக் கொண்டது. முதற்படம் இழந்த ஒரு மனிதரை நோக்கித் திரும்புகிறது. இரண்டாவது இழக்கக் கூடாத ஓர் இடத்தை நோக்கித் திரும்புகிறது. நல்ல சந்திப்பில் இவ்விரு திரும்புதலுக்கும் இடமிருக்க வேண்டும்.

இடத்தை நோக்கிய திரும்புதல் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1950களின் இறுதியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறைக்குத் தலைமை வகித்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்னும் பெயரில் ஊர்மக்கள் கூடித் தம் பள்ளிக்கு நிலமும் கட்டடமும் தளவாடமும் வழங்கிய இயக்கம் நடந்தது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம், முன்னாள் மாணவர் உள்ளிட்டோர் அரசுப் பள்ளிகளுக்கு உதவ வழிசெய்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009 விதித்த பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்டு பள்ளியின் வளர்ச்சியைத் திட்டமிட்டுக் கண்காணிக்கும் அமைப்பு, தமிழ்நாட்டில் 2024இல் மறுகட்டமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் தரப்பட்டது. குடிநீர்க் கருவியும் மேசை நாற்காலியும் கழிப்பறையும் தரும் செட்டுகள் பாராட்டுக்குரியவை. ஆயினும் அவர்கள் தரக்கூடிய மேலான உதவி ஒன்றுண்டு. தம் வகுப்பில் யார் எந்த வகுப்போடு நின்றார், எதனால் நின்றார், அன்று ஒருவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் தொடர்ந்திருப்பாரா என்பவற்றை நேரில் அறிந்தவர்கள் அவர்கள். தேர்வில் தவறியவரை மறுதேர்வுக்கு அழைத்து வரவும், திருமணப் பேச்சு எழுந்துவிட்ட மாணவியின் வீட்டு வாசலில் போய் நிற்கவும், பல நாள் வராத பிள்ளையைத் தேடிச் செல்லவும் ஊர் அறிந்த பத்து முன்னாள் மாணவர்களால் இயலும்; நாற்பது ஆண்டுக்கு முன் தம் அருகிலிருந்த இடம் வெறுமையானபோது செய்ய இயலாததை, அதே அறையில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் செய்யலாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டை விரித்து ஆசிரியர் பெயர்களை வாசிக்க, மாணவர் ஒவ்வொருவராக எழுந்து 'உள்ளேன் ஐயா' என விடையிறுத்தனர். சந்திப்புகள் சிலவற்றில் பழைய ஆசிரியர் ஒருவரைக் கொண்டு அந்த வருகைப் பதிவை மீண்டும் நடத்தி மகிழ்கின்றனர். வந்தோரின் பெயர்கள் மட்டும் அங்கே வாசிக்கப்படுவதால் ஒவ்வொரு பெயருக்கும் விடை எழுகிறது. ஆறாம் வகுப்பின் சேர்க்கைப் பட்டியலை முழுமையாக எடுத்துவந்து வாசிப்பதே அதைவிட உயர்ந்தது. அப்போது சில பெயர்களுக்கு உரியவரே விடை சொல்வார். மறைந்தவர் பெயருக்கு அவருடைய பெஞ்சுத் தோழர் எழுந்து, அவர் எப்படிப்பட்டவர் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்வார். எங்கிருக்கிறார் எனத் தெரியாதவரின் பெயர் வரும்போது, அடுத்த சந்திப்புக்குள் அவரைத் தேடிக் காணும் பொறுப்பை ஒருவர் ஏற்பார். ஏழாம் வகுப்போடு நின்று, தன்னை எவரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்னும் எண்ணத்தோடு கடைசி வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஒருவர், சேர்க்கை எண்ணோடு தம் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்டு எழுந்து 'உள்ளேன் ஐயா' எனச் சொல்லும் அந்தக் கணத்தில்தான் அவ்வகுப்பு முதன்முறையாக நிறைவு பெறும்.